கேம்பிறிட்ஜுக்கு எந்த எஞ்சின்?

எங்கள் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ60 கார் கிளிநொச்சி வட்டக்கச்சியில் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தின் கீழ் நாலு கல்லில் நிற்கிறது. பொனற்றைக் கழற்றிச் சுவரோடு சாத்தியாயிற்று. எஞ்சின் இன்னும் உள்ளேதான். அதை இறக்கினால் திருத்தி அதையே பூட்டுவதா, வேறொன்றைத் தேடிப் பூட்டுவதா என்று ஆறு மாதமாக வீட்டில் வழக்கு நடக்கிறது. ஹயர் ஓடுகிற மச்சான் டீசல் கட்சி. ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் இரவிரவாக வீடியோ அனுப்பி, "மாமா, இதைப் பூட்டுங்கோ, பறக்கும்" என்கிற கட்சி. மெக்கானிக் அண்ணை எந்தப் பக்கமும் சாயமாட்டார், "காசு எவ்வளவு வச்சிருக்கிறியள்?" என்று மட்டும் கேட்பார். அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: "என்னத்தையாவது பூட்டு. ஏ.சி. வேலை செய்ய வேணும்."

அம்மா சொன்னதற்கு அன்று எல்லாரும் சிரித்தோம். பிறகு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி வழக்கை அந்த ஒரு வசனமே தீர்த்துவிடுகிறது. பழைய கார் வைத்திருக்கும் வேறு சிலரும் என்னிடம் இதையே கேட்பதால், நான் ஆராய்ந்து பார்த்த வழிகளையும் ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தேன், ஏன் விட்டேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

காரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இத்தாலியின் பினின்ஃபரீனா வரைந்த பெட்டி உருவம், பின்னால் சின்னச் செட்டை. 1959இல் ஏ55 மார்க் 2 என்று வந்தது. 1961இல் எஞ்சினைப் பெருப்பித்து, செட்டையைக் கொஞ்சம் குறைத்து ஏ60 ஆக்கினார்கள்; 1969 வரை செய்தார்கள். 1622 சி.சி., 61 குதிரைவலு, நாலு கியர், அதில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) இல்லை. நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். தனியாகச் சேசிஸ் கிடையாது, பொடிதான் சேசிஸ். ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் சில் உக்கிப் போனால் அது பெயின்ற் சோலி இல்லை, காரின் முதுகெலும்பே போயிற்று என்று அர்த்தம். எந்த எஞ்சின் கனவு காண முதலும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். வன்னிச் செம்மண் சேறு சில்லு வளைவுக்குள் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்காக ஈரம் பிடித்து வைத்திருக்கும். எங்கள் காரில் இடப்பக்கத்துச் சில் முழுவதும் புதுத் தகடு போட வேண்டி வந்தது.

எங்களுடையதற்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே ஓடிய மற்றக் கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் இருந்து துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (தட்டாமல் எரியும் தன்மை) குறைவு, அமுக்கம் கூடினால் எஞ்சின் தட்டும். போன மாதம் ஹெட்டைக் கழற்றினால் கீழே, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் வைக்கும் கஸ்கற் தகடு இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன. அமுக்கத்தைக் குறைக்க அப்பா செய்வித்த வேலை. அவர் அந்த நேரத்தில் செய்தது சரிதான், ஆனால் அதற்கு விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு இறங்கி ஒயிலை நீர்த்துப்போகப் பண்ணும். ரிங் தேயும், சிலிண்டர் தேயும், பிறகு கிராங்கும் தேயும்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது சித்தப்பா இதை வவுனியாவுக்குக் கொண்டுபோய்விட்டார். அதனால்தான் மிஞ்சியது. இல்லாவிட்டால் 2009இல் ஊரோடு சேர்ந்து கிழக்கே போய், முள்ளிவாய்க்கால் பக்கம் துருவேறிக் குவிந்து கிடந்த வாகனங்களுக்குள் இதுவும் ஒன்றாகியிருக்கும்.

வேகத்துக்கு முதல் நிற்கிற கதை

மருமகன் அனுப்பும் வீடியோக்களில் பழைய கார்கள் இருநூறு குதிரைவலுவோடு புகை கக்கிக்கொண்டு ஓடும். பார்க்க வடிவுதான். ஆனால் எங்கள் நாட்டில் ஊர்மனைக்கு வெளியே காருக்குச் சட்டம் 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இந்தக் கார் மணிக்கு 80 மைல் அளவில் போகக்கூடியது, அதாவது கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர். ஏ9 பாதையில் பொலிஸ்காரர் கமராவோடு நிற்கும் இடங்களை நினைத்துப் பார்த்தால், எங்களிடம் இப்போதே பாவிக்க முடியாத வேகம் மிச்சமாகக் கிடக்கிறது.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் இரவு எட்டு மணிக்குப் பிறகு ஓடிப் பாருங்கள். பகல் வெயிலின் சூடு தாரில் நிற்கும், மாடுகள் வந்து அதில்தான் படுக்கும். கறுத்த மாடு, கறுத்த தார், எதிரே பஸ்ஸின் வெளிச்சம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போனால் மாட்டுக்குப் பதில் யானை. இந்தப் பாதைக்குத் தேவை நிற்கக்கூடிய கார், பார்க்கக்கூடிய லைற்.

எனக்கு இது அனுபவம். வவுனியாவில் இருந்து காரைத் திரும்பக் கொண்டுவந்த நாள், பழைய இறப்பர் ஹோஸ் ஒன்று வெடித்துப் பெடல் நேரே தரைக்குப் போய்விட்டது. இந்தக் காரில் பிரேக்குக்கு ஒரே ஒரு சேர்க்கிற்தான். எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சில்லும் சேர்த்துப் போய்விடும். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட நிற்காமல் போகிற வாகனம் இல்லை. எங்களுடையது நிற்க முடியாமல் போனது. கியரைக் குறைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்துக் கொஞ்சத் தூரம் தள்ளி நிறுத்தினேன். திரும்பி நடந்து வந்து இரண்டு தேங்காய் உடைத்தேன்.

ஆகவே பிரேக்கில் நான் பார்த்த வழிகள் இரண்டு. ஒன்று, டிரம்மையே வைத்துக்கொண்டு புது லைனிங் ஒட்டி, குழாய் எல்லாம் மாற்றி, இரட்டைச் சேர்க்கிற் மாஸ்ரர் சிலிண்டர் பூட்டுவது. முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இரண்டாவது, அதோடு சேர்த்து முன் சில்லுக்கு டிஸ்க்கும், மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் சேர்வோவும் போடுவது. டிஸ்க்கில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மார்கழி மழையில் தண்ணீர் மேவிப் பாய்கிற பாலங்களைக் கடந்து வந்தால் டிரம்முக்குள் நீர் நின்று கொஞ்ச நேரம் பிரேக்கே பிடிக்காது. டிஸ்க் இரண்டு தரம் மிதிக்கக் காய்ந்துவிடும்.

ஆனால் டிஸ்க்குக்கு ஒரு பிராக்கற் செய்ய வேண்டும். கேற் ஒட்டுகிற வெல்டிங்கால் அதைச் செய்விக்கக் கூடாது. தடித்த உருக்குத் தகட்டை லேத்தில் சரியாகக் கடைந்து போல்ற்றில் இறுக்க வேண்டும். இந்தியாவின் அம்பாசடர் காருக்குப் பின்னாளில் டிஸ்க் வந்ததே, அதை அப்படியே எடுத்துப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். அம்பாசடரின் முன்பக்கம் ரோர்ஷன் பார் (முறுக்குக் கம்பி), எங்களுடையது சுருள்வில். இரண்டும் ஒரே கம்பனிக் குடும்பம் என்றாலும் முன்பக்கம் வேறு வேறு. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டிஸ்க்கை விடுங்கள், இரட்டைச் சேர்க்கிற்றை விடாதீர்கள்.

அம்மாவின் ஏ.சி.

கார் வந்தபோது அதில் இருந்தது லூக்காஸ் டைனமோ, அதிகம் தந்தால் 22 அம்பியர். ஹெட்லைற் இரண்டுக்கும் எச்4 பல்ப் போட்டால் 10 அம்பியர் அளவில் அதற்கே போகும். ஏ.சி.யின் காற்றாடிக்கும் கொண்டென்சர் விசிறிக்கும் சேர்த்து அதைவிடக் கூட வேண்டும். மழை பெய்து வைப்பரும் ஓடினால் பற்றரியில் இருந்துதான் கடன் வாங்க வேண்டும். அதுவும் டைனமோ, மெதுவாக ஓடும்போது ஒன்றும் தராது. கிளிநொச்சிச் சந்தியில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போதுதான் அம்மாவுக்குக் குளிர் தேவை.

ஆகவே, மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும் ஒல்ரநேற்றர் கட்டாயம். அதற்கு முதல் பொலாரிற்றியை மாற்ற வேண்டும். இந்தக் காரில் பற்றரியின் பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகிறது; இன்றைய ஒல்ரநேற்றர், இலெக்ரோனிக் இக்னிஷன், றேடியோ எல்லாம் நெகற்றிவ் பொடிக்குப் போக வேண்டியவை. மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பற்றரியைத் திருப்பி, இக்னிஷன் கொயிலின் வயரை இடம் மாற்றி, பிறகுதான் புதுச் சாமான் பூட்ட வேண்டும். மாறிச் செய்தால் ஒல்ரநேற்றர் ஒரு கணத்தில் போய்விடும். காரில் வந்தது இரண்டே இரண்டு பியூஸ். ஏ.சி.க்கும் லைற்றுக்கும் தனித்தனி றிலே, தனித்தனி பியூஸ் வைத்து வயறிங்கைப் புதிதாக இழுப்பதே புத்தி. எலி கடித்த அறுபது வருஷ வயரில் புது மின்சாரத்தை ஓட விட்டால் காரே எரியும்.

இலெக்ரோனிக் இக்னிஷன் போட்டால் ஸ்ராட் சுகம். ஆனால் முன்பு அந்த வேலையைச் செய்த பழைய பொயின்ற் செற்றை அதன் சின்னக் கொண்டென்சரோடு சேர்த்துக் காருக்குள்ளேயே வையுங்கள். பொயின்ற் தேய்ந்தால் நெருப்புப்பெட்டி மட்டையால் இடைவெளி பார்த்து வீடு வந்து சேரலாம். இலெக்ரோனிக் மொடியூல் எரிந்தால் புளியங்குளத்துக் காட்டில் இருந்து கொண்டு ஆரைக் கூப்பிடுவது?

ஏ.சி. கொம்பிரசர் எஞ்சினிலிருந்து சில குதிரைவலுவை எடுத்துக்கொள்ளும். றேடியேற்றருக்கு முன்னால் கொண்டென்சர் நிற்பதால் காற்றும் சூடாகித்தான் உள்ளே வரும். ஆவணி வெயிலில், காரில் ஐந்து பேரோடு, ஏ.சி. போட்டுக்கொண்டு, சூடேறாமல் ஓட வேண்டும். எஞ்சினை ஒப்பிட இதுதான் என் அளவுகோல். குதிரைவலு இதற்குப் பிறகுதான்.

எஞ்சின்கள்

முதல் வழி, உள்ளே இருக்கிறதையே திருத்துவது. இதற்கு ஒரு வாதம் இருக்கிறது. மருமகனுக்கு அதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். இந்த 1622 எஞ்சின் ஒரு பெரிய குடும்பத்துப் பிள்ளை. ஒஸ்ரின், மொறிஸ், எம்.ஜி. எல்லாம் சேர்ந்த பி.எம்.சி. கம்பனியின் பி சீரிஸ் என்பார்கள். எங்கள் காரில் 61 குதிரைவலு. இதே பொடியில் வந்த எம்.ஜி. மக்னெற் மார்க் 4இல் இதே 1622க்கு இரண்டு எஸ்.யு. கார்பரேற்றர் போட்டு 68 எடுத்தார்கள். எம்.ஜி.ஏ. 1600 மார்க் 2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இதே 1622 சி.சி., வேறு ஹெட்டோடும் கூடிய அமுக்கத்தோடும் 90க்கு மேலே தந்தது. அதாவது இந்த எஞ்சினுக்குள் வலு இருக்கிறது. எவ்வளவை வெளியே எடுப்பது என்பது எங்கள் கையில்.

சாமானும் கிடைக்கும். மொறிஸ் ஒக்ஸ்போட் சீரிஸ் 3தான் இந்தியாவில் அம்பாசடர் ஆனது, அதில் நெடுங்காலம் ஓடியது இதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சின். இரண்டுக்கும் ஸ்ரோக் (பிஸ்ரன் ஏறியிறங்கும் தூரம்) ஒன்று, 88.9 மில்லிமீற்றர். போர் (சிலிண்டரின் விட்டம்) வேறு, அதற்கு 73, எங்களுடையதற்கு 76.2. ஆகவே பிஸ்ரன் பொருந்தாது. மற்றச் சாமான்களைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கலாம். பலாலிக்கு வரும் சென்னை விமானத்தில் சொந்தக்காரரின் பைக்குள் இப்படி எத்தனையோ வந்திறங்குகிறது. பிஸ்ரன், வால்வ் போன்றவற்றை மட்டும் இங்கிலாந்தில் இருந்து எடுப்பிக்க வேண்டும்.

வேலை என்னவென்றால்: சிலிண்டரை மேலும் கீழும் அளந்து, தேய்வுக்கு ஏற்பப் போர் பண்ணி (கடைந்து அகலமாக்கி), பெரிய சைஸ் பிஸ்ரன் போடுவது; முன்னமே எல்லைவரை போர் பண்ணியிருந்தால் சிலீவ் (உள்ளே புதுக் குழாய்) அடிப்பது. கிராங்கைக் கடைந்து புதுப் பெயரிங். ஹெட்டில் எக்ஸோஸ்ற் வால்வ் உட்காருகிற இடத்துக்குக் கடினமான சீற், ஏனென்றால் இன்றைய பெற்றோலில் ஈயம் இல்லை. அந்தக் காலத்து ஈயம்தான் வால்வ் சீற்றைக் காப்பாற்றியது. கஸ்கற் ஒன்றே ஒன்று. அப்பாவின் இரண்டாவது கஸ்கற்றை எடுத்து வைத்திருக்கிறேன், எறிய மனம் வரவில்லை. ஒன்றைக் கழற்றினாலே அமுக்கம் பழையபடி ஏறி, பல வருஷமாகக் காணாமல் போன வலு திரும்பி வரும். இதைவிட மலிவான பெர்ஃபோமன்ஸ் சாமான் உலகத்தில் இல்லை.

இரட்டைக் கார்பரேற்றர் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இரண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கக் காது வேண்டும். அந்தக் காது உள்ள ஆட்கள் வன்னியில் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஒற்றை எஸ்.யு.வை ஒரு மத்தியானத்தில் சரிப்படுத்தலாம்.

எஞ்சின் சூடேறிய பிறகே றேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தேர்மோஸ்ரற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கார் சூடேறினால் முதல் வைத்தியம் அதைக் கழற்றி எறிவது. நானும் எறிந்திருக்கிறேன். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் பெற்றோல் கூடச் செலவாகும், சிலிண்டரும் கெதியாகத் தேயும். சூடான நாட்டுக்கென்று 74 பாகையில் திறக்கிற தேர்மோஸ்ரற் இந்த எஞ்சினுக்கு உண்டு. அதைப் போட்டு, றேடியேற்றருக்குக் கூடிய வரிசையுள்ள புதுக் கோர் போட்டு, மின்விசிறி ஒன்றும் வைத்தால் ஏ.சி.யைத் தாங்கும்.

இரண்டாவது வழி, எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின். அதே குடும்பத்தின் பெரியண்ணன், 1798 சி.சி., 1962இல் வந்தபோது 95 குதிரைவலு. காருக்குள் இருக்கவேண்டிய இடத்தில் பெரிதாக வெட்டாமல் கொத்தாமல் உட்காரும். எம்.ஜி.பி. ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் என்பதால் இங்கிலாந்தில் அதன் சாமானுக்குப் பஞ்சமே இல்லை. 1964 கடைசிக்குப் பிறகு வந்தவை ஐந்து பெயரிங் எஞ்சின், கிராங் இன்னும் உறுதி. ஆனால் அதற்குப் பின் தகடு, பிளைவீல் பொருத்தம் எல்லாம் பார்த்து எடுக்க வேண்டும். மனத்துக்குப் பிடித்தது இதுதான். காசுக்குப் பிடிக்கவில்லை. எஞ்சினே கடல் கடந்து வரவேண்டும். 2022இல் ரூபா விழுந்ததற்குப் பிறகு பவுணில் விலை பார்ப்பதே நெஞ்சுவலி. பாரம், கூலி, வரி எல்லாம் சேர்த்தால் அதே காசுக்குச் சொந்த எஞ்சினைத் திருத்தி, டிஸ்க் பிரேக்கும் போட்டு, ஏ.சி.யும் பூட்டி, பெயின்ற்றும் அடிக்கலாம் போலிருந்தது. வெளிநாட்டில் இருந்து காசு வருகிறது, பாதிப் பாரத்தை மருமகன் சுமப்பான் என்றால் இதை எடுங்கள்.

மூன்றாவது, டொயோற்றா. டி.எக்ஸ். வகனிலும் லைற் ஏஸிலும் வந்த கே குடும்பம்: 4கே 1290 சி.சி., 5கே 1486 சி.சி. நம்மூரில் இதைத் திருத்தத் தெரியாத மெக்கானிக் இருந்தால் அவர் மெக்கானிக்கே இல்லை. எடை குறைவு, ஐந்து கியர் பெட்டியும் கூடவே கிடைக்கும், முதல் கியருக்கும் சிங்க்ரோ உண்டு. சாமான் கிளிநொச்சியிலேயே எடுக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை: வலு ஏறாது. 4கேயின் கணக்கு எங்கள் பழைய எஞ்சினோடு கிட்டத்தட்டச் சமம்தான். சி.சி. குறைவென்பதால் கீழ் வேகத்தில் இழுவை அதைவிடக் குறையும். ஆயிரத்து நூறு கிலோவுக்குக் கிட்ட வருகிற பொடி, ஐந்து ஆட்கள், ஏ.சி. என்று சேர்த்துப் பார்த்தால் 4கே பாவம். 5கே பரவாயில்லை. மவுண்ட் செய்ய வேண்டும், பின் சில்லுக்கு வலுவைக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்ற்றை வெட்டி நீளம் சரிசெய்ய வேண்டும், கிளச் இணைப்பு, ஸ்பீடோ கேபிள் என்று சின்னச் சோலிகள் நூறு. பெரிய சோலி ஆறு நாளில் முடியும், இந்தச் சின்னச் சோலிகள் ஆறு மாதம் எடுக்கும்.

உங்கள் பழைய எஞ்சினின் புளொக் வெடித்திருந்தாலோ, எஞ்சினே இல்லாத கார் கிடைத்திருந்தாலோ 5கேதான் என் சிபாரிசு. நல்ல எஞ்சினை இறக்கிப்போட்டு இதைப் பூட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மருமகனின் கட்சியும் இந்த வீட்டுக்காரர்தான்: டொயோற்றாவின் ஏ குடும்பத்து இ.எஃப்.ஐ. (கணினி பெற்றோல் பாய்ச்சும்) எஞ்சின். வலு உண்டு, எரிபொருள் மிச்சம், சாவி திருப்பினால் ஸ்ராட். ஆனால் சந்தையில் மலிந்து கிடப்பவை முன் சில்லு இழுக்கும் கார்களில் இருந்து கழற்றியவை. பின் சில்லு இழுக்கிற காருக்கு ரி50 போன்ற கியர்பெட்டியைத் தனியாகத் தேட வேண்டும், அது இலேசில் கிடைக்காது. பெற்றோல் பம்ப் அமுக்கத்தோடு ஓட வேண்டும், தாங்கியை மாற்ற வேண்டும், கணினிப் பெட்டியை வெள்ளத்துக்கும் எலிக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவும் செய்து முடித்த பிறகும் சட்டம் 70தான்.

மச்சானின் டீசலுக்கு வருவோம். டொயோற்றாவின் 2சி, 1974 சி.சி., லைற் ஏஸ் வான்களில் வந்தது. எண்பதுகளில் இருந்தே இலங்கையில் எத்தனையோ கேம்பிறிட்ஜும் ஒக்ஸ்போட்டும் டீசலுக்கு மாறின. ஹயர் ஓடுகிறவருக்குக் கிலோமீற்றர்க் கணக்கு, அதைக் குறை சொல்ல முடியாது. கீழ் வேகத்தில் இழுவையும் நல்லது. எனக்கு இரண்டு பயம். ஒன்று, அந்த எஞ்சின் ஒருதரம் நன்றாகச் சூடேறினால் ஹெட் வெடிப்பது பெயர்போன விஷயம். வன்னி வெயிலில், கொண்டென்சருக்குப் பின்னால், பழைய காரின் ஒடுங்கிய முகத்துக்குள் அதை வைப்பது சூதாட்டம். மற்றது நடுக்கம். சேசிஸ் இல்லாத பொடியில் டீசலின் அதிர்வு கதவுக் கண்ணாடி, டாஷ்போட், வெல்டிங் எல்லாவற்றையும் ஆட்டும். நான் போட்ட புதுச் சில் தகட்டை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. மச்சான் சொல்கிறார், "அத்தான், சத்தம் கேட்டால்தானே கார் ஓடுதெண்டு தெரியும்." அவருடைய வேலைக்கு அது சரி. கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகிற எங்கள் காருக்குச் சரிவராது.

புத்தகமும் பெட்டியும்

எந்த வேறு எஞ்சின் போட்டாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் மாற்ற வேண்டும். எஞ்சின் இலக்கம், சி.சி., எரிபொருள் வகை மூன்றும் புத்தகத்தில் இருக்கின்றன. டீசல் என்றால் மூன்றும் மாறும். மாற்றாமல் ஓடினால் சோதனையில் தப்பலாம், ஆனால் அடிபட்டு நிற்கும் நாளில் காப்புறுதிக்காரர் அந்த இலக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். இந்தப் பழைய கார்களின் புத்தகங்களில் எத்தனை தரம் கை மாறியது, யார் கையெழுத்து வைத்தது என்பதே ஒரு புதிர். இடப்பெயர்வில் புத்தகத்தையே தொலைத்தவர்களும் உண்டு. புத்தகத்தில் உரிமையாளரின் பெயரைச் சரிசெய்யாமல் எஞ்சினைத் தேடி அலையாதீர்கள். எங்களுடையதில் எஞ்சின் இலக்கமும் புத்தகமும் இன்னும் பொருந்துகின்றன. அதைக் குழப்ப விருப்பமில்லை என்பதும் என் முடிவுக்கு ஒரு காரணம்.

ஆக, என் தெரிவு பழைய 1622தான். ஒற்றைக் கஸ்கற், ஹெட்டில் கடின சீற், ஒற்றைக் கார்பரேற்றர், இலெக்ரோனிக் இக்னிஷன், ஒல்ரநேற்றர், பெரிய றேடியேற்றர், ஏ.சி. அதற்கு முதலே இரட்டைச் சேர்க்கிற் பிரேக்கும் முன் டிஸ்க்கும், றிலே போட்ட ஹெட்லைற்றும், ரேடியல் ரயரும், முன் சீற் இரண்டுக்கும் தோள்பட்டி வார். வார் மாட்டுகிற இடத்தில் பொடிக்குப் பின்னால் தடித்த தகடு வைக்க மறக்கக் கூடாது, வெறும் தகட்டில் ஓட்டை போட்டு இறுக்கினால் இழுவையில் கிழிந்துகொண்டு வரும்.

கியர்பெட்டி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஐந்தாவது கியர் இருந்தால் 70இல் எஞ்சின் சத்தம் குறையும், அம்மா பின் சீற்றில் நித்திரை கொள்ளலாம். ஆனால் டொயோற்றாப் பெட்டியை பி சீரிஸ் எஞ்சினோடு சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைய வேண்டும், எஞ்சினும் பெட்டியும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் கிளச் பெயரிங் அடிக்கடி போகும். யாழ்ப்பாணத்தில் ஒரு லேத்காரர் செய்து தருவேன் என்கிறார். முதலில் அவர் செய்து கொடுத்த கார் ஒன்றில் ஏறி ஓடிப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார், மச்சானும் வருகிறாராம், போகிற வழியில் 2சி ஒன்று பார்க்க.